அழிப்பதற்கு முன் சற்றுப் பொறுங்கள்!

ஓய்வுபெற்ற பேராசிரியரின் சேமிப்பு வங்கியில் மட்டும் இருப்பதில்லை. மாணவர்களுடன் கிராமம் கிராமமாகச் சென்று திரட்டிய குடும்ப வரவு-செலவு விவரங்கள், முப்பது ஆண்டுக்கால வகுப்புக் குறிப்புகள், பாதி எழுதிய நூல் ஒன்று என என் உழைப்பின் பெரும்பகுதி ஒரு கணினியில் இருந்தது. ஓரிரவு இயங்குதளப் புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தது. அணைக்க வேண்டாம் என்று திரை எச்சரித்தும் பொறுமையிழந்து கணினியை நிறுத்திவிட்டேன். மறுநாள் காலையில் அது திறக்கவில்லை. கருந்திரை மட்டுமே தெரிந்தது.

பழுதுபார்க்கும் கடையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஃபார்மட் செய்துவிடலாம் சார், புதிதுபோல ஆகிவிடும்" என்றார் ஓர் இளைஞர். உள்ளே இருப்பவை என்னவாகும் என்று கேட்டேன். "பேக்கப் வைத்திருக்கிறீர்கள்தானே?" என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன். அன்று மாலை என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியிலேயே வழிகாட்ட, ஒரு மணி நேரத்தில் கணினி உயிர்பெற்றது. ஒரு கோப்புகூட அழியவில்லை.

கணினி திறக்கவில்லை என்பதும், உள்ளிருப்பவை அழிந்துவிட்டன என்பதும் ஒன்றல்ல. பூட்டு கெட்டுப்போனால் யாரும் வீட்டை இடிப்பதில்லை. கணினி விஷயத்தில் மட்டும் அதற்கு நாம் எளிதில் சம்மதித்துவிடுகிறோம்.

பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரல் முதலில் விழிக்கிறது. அது வன்தட்டிலுள்ள தொடக்க நிரலை எழுப்புகிறது. தொடக்க நிரல் இயங்குதளத்தின் மையப் பகுதியை நினைவகத்தில் ஏற்ற, அது திரை, விசைப்பலகை போன்றவற்றை இயக்கும் நிரல்களை அழைக்கிறது. புதுப்பிப்பு என்பது இந்தச் சங்கிலியின் சில கண்ணிகளை மாற்றும் பணி. இடையில் மின்சாரம் போனாலும், வன்தட்டில் இடம் போதாவிட்டாலும், பழைய இயக்க நிரல் புதிய பதிப்புடன் பொருந்தாவிட்டாலும் சங்கிலி அறுபடலாம். நம் கோப்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எனவே சிகிச்சையும் படிப்படியாகவே அமைய வேண்டும். முதலில் காத்திருங்கள், பெரிய புதுப்பிப்புகள் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பிறகு பென் டிரைவ், பிரிண்டர் முதலியவற்றைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள். விண்டோஸ் கணினி அடுத்தடுத்துத் தொடங்கத் தவறினால், பழுதுநீக்கத்துக்கான மீட்புத் திரை தானாகவே தோன்றும். அதில் முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்பதை முயலலாம். பலன் இல்லையெனில், கடைசியாக வந்த புதுப்பிப்பை மட்டும் நீக்கும் வசதி அங்கேயே உண்டு. எனக்குக் கைகொடுத்தது அதுதான். அதுவும் உதவாவிட்டால், இன்றியமையாத நிரல்களுடன் மட்டும் கணினியைத் திறக்கும் 'சேஃப் மோடு' இருக்கிறது. இவை அனைத்தும் தோற்ற பிறகே, அதுவும் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்த பிறகே, ஃபார்மட் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

2024 ஜூலை 19 அன்று உலகமே இந்தப் பாடத்தைக் கற்றது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திணறின; இந்தியாவில் சில பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வழங்கப்பட்டது. அதற்கான தீர்வு, பெரும்பாலும் சேஃப் மோடில் திறந்து பிழையான ஒரு கோப்பை நீக்குவதுதான். அத்தனை கணினிகளையும் யாரும் துடைத்தழிக்கவில்லை.

பிறகு ஏன் கடைகளில் ஃபார்மட் முதல் மருந்தாகிறது? 1970-இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையில், பழைய கார் சந்தையை முன்வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் தகவல் ஏற்றத்தாழ்வை விளக்கினார். விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது சந்தை பழுதாகிறது என்பது அதன் சாரம். இங்கும் அதே நிலைதான். ஃபார்மட் செய்வதற்கு ஆகும் நேரம் கடைக்காரருக்குத் திட்டவட்டமாகத் தெரியும்; காரணத்தைத் தேட ஆகும் நேரம் தெரியாது. இழப்போ முழுவதும் வாடிக்கையாளருடையது. கடைக்காரரைக் குறைகூறிப் பயனில்லை. நாம் கேட்கத் தெரிந்துகொள்வதே மாற்று. "கோப்புகளை எடுத்துத் தந்த பிறகே மற்ற வேலை" என்று சொல்ல நமக்கு உரிமையுண்டு.

அதற்காகப் புதுப்பிப்பையே தவிர்ப்பது தீர்வாகாது. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற பிணைத்தொகை நச்சுநிரல் பல நாடுகளைத் தாக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. அதை நிறுவாதவர்களே பெரிதும் பாதிக்கப்பட்டனர்.

செய்ய வேண்டியவை மூன்றே. முக்கியக் கோப்புகளின் நகலை, கணினியுடன் எப்போதும் இணைந்திராத தனி வன்தட்டில் வைத்திருங்கள். புதிய கணினிகள் பலவற்றில் வன்தட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும்; அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண்ணை இன்றே தேடித் தாளில் எழுதி வையுங்கள். அது இல்லையேல் கோப்புகள் இருந்தும் இல்லாதவையே. மின்வெட்டு நேரிடக்கூடிய வேளையிலும், அவசர வேலை இருக்கும் நாளிலும் புதுப்பிப்பைத் தொடங்காதீர்கள்.

கணினியின் விலை ரசீதில் இருக்கிறது. அதனுள் இருப்பவற்றின் விலையை, வாழ்நாள் முழுவதும் பொருளியல் கற்பித்த நான் அந்தக் கடை வாசலில்தான் கணக்கிட்டேன். நீங்கள் சற்று முன்னதாகவே கணக்கிடுங்கள்.