கைக்கடிகாரமும் சுங்கச் சட்டமும்

வெளிநாட்டிலிருந்து நம் நாட்டு விமான நிலையம் ஒன்றில் மூன்று பயணிகள் வந்து இறங்குவதாகக் கொள்வோம். மூவரின் மணிக்கட்டிலும் ஒரே வகையைச் சேர்ந்த, நான்கு லட்ச ரூபாய் மதிப்புள்ள சுவிட்சர்லாந்துக் கடிகாரம் இருக்கிறது. முதலாமவர் பல்லாண்டுகளுக்கு முன் தம் தந்தை அளித்த கடிகாரத்தை அணிந்தவாறே வெளிநாடு சென்று, ஒரு வாரத்தில் திரும்புகிறார். இரண்டாமவர் அதை முந்தைய நாள்தான் ஓர் அயல்நாட்டுக் கடையில் வாங்கினார். மூன்றாமவர் நம் நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த அயல்நாட்டவர். இரு வாரங்களில் திரும்பிவிடுவார். பார்வைக்கு மூன்று கடிகாரங்களும் ஒன்றே. ஆனால் சுங்கச் சட்டத்தின் முன் மூன்றின் நிலையும் வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டை அறியாமையால், நேர்மையான பயணிகள்கூட இடர்ப்பாட்டுக்கு உள்ளாகின்றனர்.

கையில் அணிந்திருக்கும் பொருள் பயணச் சாமான் ஆகாது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இது தவறு. உடலில் அணிந்து வருவதும் பெட்டியில் வைத்துக் கொண்டு வருவதும் தீர்வையைப் பொறுத்தவரை ஒன்றே. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, தம் சாமான்களில் அடங்கியவற்றை உரிய அலுவலரிடம் அறிவிக்கும் கடமையைப் பயணி மீதே சுமத்துகிறது.

கடிகாரத்துக்கு ஏன் தனி இடம்?

இச்சட்டத்தின் 123ஆம் பிரிவு கருதத்தக்கது. பொதுவாக, ஒருவர் குற்றம் புரிந்தார் என்பதை அரசே நிரூபிக்க வேண்டும். ஆனால் கடத்தல் பொருள் என்று தக்க காரணத்துடன் நம்பி அலுவலர் கைப்பற்றும் சிலவகைப் பொருள்களைப் பொறுத்தவரை, அவை கடத்தப்பட்டவை அல்ல என நிரூபிக்கும் பொறுப்பு அவற்றை வைத்திருந்தவரையே சாரும். அப்பொருள்களைத் தமதென்று வேறொருவர் உரிமை கோரினால், அவருக்கும் இப்பொறுப்பு உண்டு. தங்கத்துடன் கடிகாரமும் இப்பிரிவில் பெயர் சுட்டிக் கூறப்பட்டுள்ளது.

இதன் காரணத்தை அக்காலப் பொருளாதார நிலையில் காணலாம். 1962இல் அன்னியச் செலாவணி மிக அரிதாக இருந்தது. இறக்குமதிகள் உரிமங்களால் கட்டுப்படுத்தப்பட்டன. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து எச்.எம்.டி. நிறுவனம் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியதே 1961இல்தான். தேவை மிகுந்து உற்பத்தி குறைந்திருக்கும் நிலையில், தீர்வையும் உயர்ந்திருந்தால் கடத்தலுக்கு ஆதாயம் கூடும். அதிலும் பருமன் சிறிதாகவும் விலை பெரிதாகவும் உள்ள பொருளே கடத்துவோருக்கு உகந்தது. இவ்விரு இலக்கணங்களும் தங்கத்துக்கு அடுத்தபடியாகக் கடிகாரத்துக்குப் பொருந்தின.

பின்னர் நிலைமை மாறியது. 1984இல் டைட்டன் நிறுவனம் தோன்றி, ஓசூரில் உற்பத்தி வளர்ந்தது. 1991க்குப் பின் பொருளாதாரம் தாராளமயமாகி, 2001 ஏப்ரலில் நுகர்பொருள் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகள் பெருமளவு நீக்கப்பட்டன. சாதாரணக் கடிகாரத்தைக் கடத்துவதில் இன்று ஆதாயம் இல்லை. ஆயினும் பல லட்சம் ரூபாய் விலையுள்ள ஆடம்பரக் கடிகாரத்தைப் பொறுத்தவரை பழைய கணக்கு இன்றும் செல்லுபடியாகிறது.

மூவரின் நிலை

இரண்டாமவரின் நிலை எளிதில் விளங்கக்கூடியது. 2016ஆம் ஆண்டுப் பயணச் சாமான் விதிகள், பயன்படுத்திய சொந்த உடைமைகள் நீங்கலாக ரூ. 50,000 மதிப்புள்ள பொருள்களை இந்தியக் குடியிருப்பாளர் தீர்வையின்றிக் கொண்டுவர இடமளித்தன. அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு, 35 விழுக்காடு அடிப்படைத் தீர்வையும் 2018இல் வந்த சமூக நலக் கூடுதல் வரியும் சேர்ந்து 38.5 விழுக்காடு ஆயிற்று. இந்த அளவில் கணக்கிட்டால், நான்கு லட்ச ரூபாய் கடிகாரத்தில் ரூ. 3,50,000க்குத் தீர்வை விதிக்கப்படும்; செலுத்த வேண்டியது ரூ. 1,34,750. கணவன், மனைவி இருவரின் சலுகைகளையும் ஒரே பொருளின் மீது சேர்த்துக் கணக்கிட அவ்விதிகள் இடமளிக்கவில்லை. நேப்பாளம், பூட்டான், மியான்மர் ஆகிய நாடுகளிலிருந்து தரைவழியாக வருவோருக்குப் பயன்படுத்திய சொந்த உடைமைகளுக்கு மட்டுமே சலுகை இருந்தது. இவ்வரம்புகளும் விகிதங்களும் காலந்தோறும் திருத்தப்படுபவை. ஆதலால் புறப்படுமுன் நடப்பு விதியை அறிந்து கொள்வது அவசியம்.

வாங்கிய நாட்டில் விற்பனை வரியைத் திரும்பப் பெற்றுவிட்டதால் இங்குத் தீர்வை இல்லை என்று சிலர் கருதுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. பொருள் அந்நாட்டை விட்டு வெளியேறுகிறது என்பதாலேயே அவ்வரி திருப்பித் தரப்படுகிறது. அது புதிதாக வாங்கப்பட்ட பொருள் என்பதற்கு அந்த ஆவணமே சான்றாகவும் அமையும்.

மூன்றாமவர் நாள்தோறும் அணியும் கடிகாரம், பயன்படுத்திய சொந்த உடைமை என்ற முறையில் சலுகைக்கு உரியது. அது புதியதாகவோ ஐயத்துக்கு இடமளிப்பதாகவோ இருந்தால், 80ஆம் பிரிவு ஒரு வழி காட்டுகிறது. உள்ளதை உள்ளபடி அறிவித்த பயணி, தம் பொருளைச் சுங்க அலுவலரிடம் ஒப்படைத்து, நாட்டை விட்டுச் செல்லும்போது திரும்பப் பெறுமாறு கோரலாம். உண்மையான அறிவிப்பு இதற்கு முன்நிபந்தனை.

உண்மையில் மிகவும் கவலைக்குரியவர் முதலாமவரே. அவர் எதையும் இறக்குமதி செய்யவில்லை. செலுத்த வேண்டிய தீர்வையும் இல்லை. எனினும், தந்தையின் கடிகாரத்துக்கு விலைச்சீட்டு இருக்காது. நன்கு பேணப்பட்ட கடிகாரம் புதியது போலவே தோன்றும். ஐயம் எழுந்து அது கைப்பற்றப்பட்டால், 123ஆம் பிரிவின்படி நிரூபிக்க வேண்டியவர் அவரே. வாய்ச்சொல் மட்டும் அங்கே போதாது.

இவருக்காகவே ஒரு வசதி உள்ளது. வெளிநாடு புறப்படும்போது கடிகாரத்தைச் சுங்க அலுவலரிடம் நேரில் காட்டி, ஏற்றுமதிச் சான்றிதழ் பெறலாம். அதில் கடிகாரத்தின் பெயரும் வரிசை எண்ணும் குறிக்கப்பட்டிருந்தால், திரும்பும்போது அடையாளம் காண்பதில் சிக்கல் எழாது. புறப்படும் நாளில் செலவாகும் சிறிது நேரம், திரும்பும் நாளில் நேரக்கூடிய நெடிய வழக்கைத் தவிர்க்கும்.

அறிவிக்கத் தவறினால்

பச்சை வழி, அறிவிக்க வேண்டியது ஏதுமில்லாதவருக்கு உரியது. சிவப்பு வழி, அறிவிக்க வேண்டியது உள்ளவருக்கு உரியது. தீர்வைக்குரிய புதிய கடிகாரத்துடன் பச்சை வழியில் செல்வது, 'என்னிடம் ஒன்றும் இல்லை' என்று கூறுவதற்கு ஒப்பாகும். அப்போது 111ஆம் பிரிவின் கீழ்ப் பறிமுதலும், 112ஆம் பிரிவின் கீழ் அபராதமும் நேரிடலாம். தடை செய்யப்படாத பொருளாயின், பறிமுதலுக்குப் பதிலாக ஒரு தொகை செலுத்தி அதை மீட்டுக் கொள்ளும் வாய்ப்பை உரிமையாளருக்கு 125ஆம் பிரிவு அளிக்கிறது. தீர்வை தனியே செலுத்தப்பட வேண்டும். மறைக்க முயன்றவர், சிவப்பு வழியில் சென்றிருந்தால் செலுத்தியிருக்கக்கூடியதை விடக் கூடுதலாகவே இழக்கிறார்.

பயணிக்கும் உரிமைகள் உண்டு. பறிமுதலுக்கு முன் 124ஆம் பிரிவின்படி காரணம் கேட்கும் அறிவிப்பும், தம் தரப்பை எடுத்துரைக்கும் வாய்ப்பும் அளிக்கப்பட வேண்டும். ஆணையை ஏற்காதவர், அது கிடைத்த 60 நாள்களுக்குள் மேல்முறையீட்டு ஆணையரை அணுகலாம். அதன் பின்னர், பயணச் சாமான் வழக்குகள் தீர்ப்பாயத்துக்குச் செல்வதில்லை. மத்திய அரசிடமே சீராய்வு மனு செய்யப்பட வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது தவறான இடத்தில் முறையிட்டுக் காலத்தை இழப்போரும் உண்டு.

இரு தரப்பின் கடமை

நிரூபிக்கும் பொறுப்பைக் குடிமகன் மீது மாற்றும் சட்டம் கடுமையானதே. அதனாலேயே அலுவலரின் பொறுப்பும் கூடுகிறது. 'தக்க காரணமுள்ள நம்பிக்கை' என்று சட்டம் கூறுவது வெறும் ஐயத்தை அன்று. பட்டையின் தேய்மானம், பழைய புகைப்படங்கள், பழுது பார்த்த ரசீது போன்றவற்றைப் பொறுமையுடன் ஆராய்வது அலுவலரின் கடமையாகும். விலை உயர்ந்தது என்பது மட்டுமே குற்றத்துக்குச் சான்று ஆகாது.

பயணியின் கடமையும் எளியதே. கொண்டு செல்வதைப் புறப்படும்போது பதிவு செய்தல், வாங்கியதற்கு ரசீது வைத்திருத்தல், ஐயம் இருந்தால் சிவப்பு வழியைத் தேர்தல் ஆகிய மூன்றும் போதும். சட்டம் வினவுவது கடிகாரத்தின் விலையை மட்டுமன்று. அது எங்கிருந்து வந்தது, அதை நீர் அறிவித்தீரா என்பதையும்தான். இவ்விரு வினாக்களுக்கும் விடையுடன் வருபவர், தந்தை அளித்த கடிகாரத்தை அணிந்தவாறே அச்சமின்றி இல்லம் திரும்பலாம்.