மறைந்து போன ஒரு கோள்

நம் பங்கு நூலகத்தில் பழைய வானியல் நூலொன்று உண்டு. அதன் ஓரங்களைக் கரையான் சுவைத்துவிட்டது. நடுப்பக்கங்கள் மட்டும் நலமாய் இருக்கின்றன. சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் இளைஞன் ஒருவன் அதை ஏந்தியவாறு பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வந்தான்.

“சுவாமி, பர்னார்டு விண்மீனுக்குக் கோள்கள் உண்டென்று இதில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆசிரியரோ அது தவறென்று என்றோ தெரிந்துவிட்டது என்கிறார். 2018-இல் மீண்டும் ஒன்று உண்டென்றார்களாம். 2021-இல் அதுவும் இல்லை என்றார்களாம். 2024-இல் வேறொன்று உண்டாம். இவர்களை எவ்வாறு நம்புவது?”

இவ்வினா அவனுடையதன்று என்பது சற்று நேரத்தில் விளங்கிற்று. அவன் தந்தை சர்க்கரை நோயாளர். ‘படித்தவர்கள் நாளுக்கொன்று சொல்வார்கள், வானத்தைப் பற்றியே இப்படியென்றால் என் இரத்தத்தைப் பற்றி மட்டும் என்ன தெரியும்?’ என்று கூறி, இரண்டு மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டாராம். பையனின் கண்கள் கலங்கியிருந்தன. மறுநாள் மாலை நாம் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். அங்கு கூறியதையே நம் வாசகக் குடும்பங்களுக்கும் இங்கே எழுதுகிறோம்.

1967-இல் இங்கிலாந்தில் ஜோசலின் பெல் என்னும் ஆராய்ச்சி மாணவி, சீராகத் துடிக்கும் வானொலி அலைகளை முதன்முதலில் கண்டார். வெடித்துச் சிதறிய பெரு விண்மீனின் எஞ்சிய கரு, ஒரு நகரத்தின் அளவே உடையதாய், வெகுவேகமாகச் சுழலும்போது அவ்வாறு துடிப்பது போலத் தோன்றும். இவற்றைத் துடிப்பு விண்மீன்கள் என்பர். இவற்றின் ஒழுங்கு வியப்புக்குரியது. நல்ல கடிகாரங்களையே வைத்து இவற்றை ஒப்பிடலாம்.

இந்த ஒழுங்கே கோள்களைத் தேடும் கருவியுமாயிற்று. நம் ஆலய மணி ஒரே சீராக ஒலிக்கிறதெனக் கொள்வோம். அம்மணியை ஓர் ஊஞ்சலில் கட்டி ஆட்டினால், அது நம்மை நோக்கி வரும்போது ஓசை சற்று முந்தும். விலகும்போது சற்றுப் பிந்தும். விண்மீனைக் கோளொன்று சுற்றினால், அதன் ஈர்ப்பால் விண்மீனும் சிறிது ஆடும். துடிப்புகளும் முந்திப் பிந்தி வரும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மணி அசையாது நிற்க, கேட்பவர் ஊஞ்சலில் ஆடினாலும் செவிக்கு அதே மாற்றந்தானே தெரியும்? நாமோ ஆண்டு முழுவதும் கதிரவனைச் சுற்றும் பூமி என்னும் ஊஞ்சலில் அமர்ந்திருக்கிறோம். அந்த ஆட்டத்தைக் கணக்கிட்டுக் கழித்த பின்னரே எஞ்சியதை நம்பலாம்.

1991 சூலையில், இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ லைன் என்னும் வானியலாரும் அவருடைய தோழர் இருவரும் ‘நேச்சர்’ இதழில் ஒரு செய்தியை வெளியிட்டனர். துடிப்பு விண்மீனொன்றை, பூமியைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு எடையுள்ள கோளொன்று ஆறு மாதத்திற்கு ஒருமுறை சுற்றுகிறது என்பதே அது. நம் கதிரவனுக்கு அப்பாலும் கோள் உண்டு என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று.

ஆறு மாதம் என்பது நம் ஆண்டில் சரிபாதி அன்றோ? அந்த ஐயம் பலருக்கும் இருந்தது, லைனுக்கும் இருந்தது. 1992 சனவரியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கூடவிருந்த அமெரிக்க வானியல் சங்கத்தின் பேரவையில் இக்கோளைப் பற்றி உரையாற்றுமாறு அவர் அழைக்கப்பட்டிருந்தார். பேரவைக்குச் சில நாட்களே இருந்த வேளையில், அவர் கணக்கை மீண்டும் செப்பம் செய்து பார்த்தார். அவ்விண்மீனின் திசை சற்றே பிழையாகக் கொள்ளப்பட்டிருந்தது. பூமியின் பாதை வட்டமன்று, நீள்வட்டம் என்பதும் கணக்கின் முதற்படியில் உரியவாறு சேர்க்கப்படவில்லை. இவ்விரண்டும் கூடியே ஆறு மாத ஆட்டத்தைத் தோற்றுவித்திருந்தன. திசையைத் திருத்தியவுடன் கோள் மறைந்துவிட்டது. ஆடியது மணியன்று, கேட்டவரின் ஊஞ்சலே.

அவ்வேளையில் அம்மனிதரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கிறோம். பயணத்தை நிறுத்தியிருக்கலாம். உடல்நலம் இல்லையென்று ஒரு தந்தி போதும். ஒப்புரவுத் தொட்டியில் முப்பது ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் நாம், தவறு செய்தவரைவிடத் தவற்றை மூடி மறைத்தவரே மிகுதியாகத் துன்புறுவதைக் கண்டிருக்கிறோம். லைன் அட்லாண்டாவுக்குச் சென்றார். அவையில் எழுந்து, பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதை ஒளிவுமறைவின்றி விளக்கினார். அக்கோள் இல்லை என்றார். ஒரு கணம் அமைதி. பின்னர் அவையிலிருந்த அறிஞர் பெருமக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர்.

அவருக்கு அடுத்துப் பேச எழுந்தவர் போலந்தில் பிறந்த அலெக்சாண்டர் வோல்சான். அவர் கொண்டு வந்ததும் துடிப்பு விண்மீனைச் சுற்றும் கோள்களைப் பற்றிய செய்தியே! இரண்டாயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால், நொடிக்கு ஏறத்தாழ 160 முறை சுழலும் விண்மீன் அது. போர்ட்டோ ரிக்கோவின் அரசீபோவிலிருந்த 305 மீட்டர் அகலத் தொலைநோக்கி, 1990-இல் பழுதுபார்ப்புக்காக விருப்பம்போல் திருப்ப இயலாத நிலையில் இருந்தது. பிறர் ஒதுங்கிய அக்காலத்தை வோல்சான் தமக்கு வாய்ப்பாக்கிக்கொண்டு அதைக் கண்டுபிடித்தார். 66 நாட்களில் ஒன்றும், 98 நாட்களில் மற்றொன்றுமாக இரு கோள்கள் அதைச் சுற்றுகின்றன. ஆண்டோடு தொடர்பற்ற எண்கள் என்பதைக் கவனிக்க. மேலும், லைன் இடறிய அதே இடத்தில் இவர் காலூன்றி நின்றார்: டேல் ஃப்ரெய்ல் என்னும் தோழர் நியூ மெக்சிகோவிலுள்ள வேறொரு வானொலித் தொலைநோக்கித் தொகுதியைக் கொண்டு விண்மீனின் திசையைத் தனியே அளந்து கொடுத்திருந்தார். அக்கோள்கள் இன்றும் நிலைத்து நிற்கின்றன. 1994-இல் மூன்றாவதொன்றும் சேர்ந்தது. அரசீபோத் தொலைநோக்கிதான் 2020 டிசம்பரில் இடிந்து வீழ்ந்துவிட்டது.

பர்னார்டு விண்மீனின் வரலாறு சற்றுத் துயரமானது. ஆறு ஒளியாண்டுத் தொலைவில் நமக்கு அண்மையிலுள்ள அவ்விண்மீனைப் பீட்டர் வான் டி காம்ப் என்பவர் பல்லாண்டு புகைப்படமெடுத்து, வியாழனை ஒத்த பெருங்கோள் அதற்கு உண்டென்று 1963-இல் அறிவித்தார். 1973-இல் பிறர் வேறு தொலைநோக்கிகளின் படங்களை அளந்தபோது அவ்வசைவைக் காணவில்லை. அவருடைய தொலைநோக்கியின் வில்லையைத் தாங்கும் சட்டத்தை 1949-இல் மாற்றியபோது, படத்திலுள்ள ஏனைய விண்மீன்களும் உடன் அசைந்ததாகத் தெரியவந்தது. அவர் ஒப்பவில்லை. 1995 மே மாதம் இறக்கும்வரையிலும் ஒப்பவில்லை. அதே ஆண்டு அக்டோபரில்தான் மிஷேல் மையோர், டிடியே கெலோ என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர் இருவர், நம் கதிரவனை ஒத்த விண்மீனைச் சுற்றும் முதற்கோளை அறிவித்தனர். இன்று அறியப்பட்ட அயற்கோள்கள் 6,000-க்கு மேல்.

2024-இல் சிலி நாட்டுத் தொலைநோக்கியாலும், 2025-இல் ஹவாய்த் தீவின் தொலைநோக்கியாலும் பர்னார்டு விண்மீனைச் சுற்றி நான்கு சிறு கோள்கள் உள்ளமை தெளிவாயிற்று. அனைத்தும் பூமியைவிடச் சிறியவை. வான் டி காம்ப் கண்டதாகக் கூறிய பெருங்கோள் அவற்றுள் இல்லை.

இவ்வளவையும் நண்பர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவியார் காப்பி கொண்டு வந்தார்; சர்க்கரை இல்லாதது நமக்கு, இருப்பது அவருக்கு என்று தட்டு மாறிப் போனதை நாம் கண்டுங் காணாதவர்போல் இருந்தோம். பின்னர் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தப்புன்னு ஒத்துக்கிட்டாரே அந்த வெள்ளைக்காரர், அவருக்கு வேலை போயிருச்சா சாமி?”

“இல்லை. பிறகு அந்த ஆய்வகத்துக்கே இயக்குநராக இருந்தார்.”

அவர் சிறிது நேரம் முற்றத்து மழையைப் பார்த்திருந்தார். “திங்கட்கிழமை ரத்தம் மட்டும் சோதிச்சுப் பார்க்கிறேன்” என்றார். “மாத்திரை அப்புறம்.”