தீவுல ரூம் போடணுமா? திரும்பும் தேதியிலிருந்து தொடங்குங்க!

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, டீசல் என்ஜின் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதற்கெல்லாம் டெக்ஸ்ட் புக் இருக்கிறது. ஒரு தீவுக்குப் போய் சின்ன லாட்ஜில் தங்க எப்படித் திட்டம் போடுவது என்பதற்குத்தான் புத்தகம் கிடையாது. ஃபைனல் இயர் வந்ததும் ஒவ்வொரு செட்டும் டூர் டூர் என்று குதிக்கிறதே, அவர்களுக்காவது இது பயன்படட்டும்.

தீவு என்றதும் பசங்க அந்தமான் என்பார்கள். நம்ம துறைமுகத்திலிருந்து கப்பலில் போனால் கடலிலேயே ஏறக்குறைய மூன்று நாள் போய்விடும். விமானம் என்றால் பர்ஸ் தாங்காது. நம்ம சக்திக்கு எட்டுகிற தீவு ஒன்றுதான், ராமேஸ்வரம். "அது கோயில் ஊராச்சேடா, தீவா?" என்று என் பெஞ்சு நண்பன் கேட்டான். தீவுதான். பாம்பன் தீவு. 1914-இல் ரயில் பாலமும் 1988-இல் சாலைப் பாலமும் வந்ததால் நமக்கு அது தீவு என்பதே மறந்துவிட்டது. காற்று அடித்தால் ஞாபகம் வரும்!

எனக்கு இந்த வேலை எப்படி வந்தது என்றால், எங்க ஆயாவால். தாத்தாவுக்கு ராமேஸ்வரத்தில் திதி கொடுக்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திதி கொடுக்க வேண்டியவர் எங்க அப்பா. அவர் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. வருஷத்தில் அவர் கரையில் இருக்கும் காலம் மீன்பிடித் தடைக்காலம் மட்டும்தான், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நேரம் கிடைக்கிற அந்த நாட்களில்தான் வருமானம் இருக்காது. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தில் வீட்டுச் செலவும் பார்த்து, ஐந்து பேர் போய் வரவும் வேண்டும். "நீதான் படிக்கிறவன், கணக்குப் போட்டுச் சொல்லு" என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஆயாவுக்கு முட்டி வலி வேறு. இன்னொரு வருஷம் தள்ளிப்போட்டால் அவரால் நடக்க முடியுமா என்பது யாருக்கும் தெரியாது.

எல்லோரும் முதலில் லாட்ஜைத் தேடுகிறார்கள். படுக்கை நல்லா இருக்கா, கடல் தெரியுதா, ஏசி இருக்கா என்று பார்க்கிறார்கள். தீவில் அது கடைசி வேலை. உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் நம் கையில் இல்லை, அது காற்றின் கையிலும் காலண்டரின் கையிலும் இருக்கிறது. அதனால் திரும்பி வந்தே தீர வேண்டிய தேதியை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். ரூம் எந்தத் தெருவில், எத்தனை நாளுக்கு, என்ன வாடகைக்கு என்பது அந்தக் கணக்கின் விடையாகத் தானே வந்து விழும்.

இது நம்ம ஊருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்க தெரு அண்ணன் ஒருவர் கப்பலில் ஃபிட்டர். கிரீஸ் நாட்டின் பிரேயஸ் துறைமுகம் பற்றிச் சொல்வார். அங்கிருந்துதான் நாக்ஸோஸ், பாரோஸ் போன்ற தீவுகளுக்கு ஃபெர்ரி கிளம்பும். அந்தத் தீவுகளில் குடும்பமே நடத்தும் சின்னச் சின்ன ஓட்டல்கள் நிறைய உண்டாம். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து 'மெல்டெமி' என்ற காற்று வீசும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஒரு சொட்டு மழை இருக்காது, ஆனாலும் காற்றின் வேகத்தால் கப்பல் புறப்படக் கூடாது என்று துறைமுகத்தில் தடை போட்டுவிடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் விமானத்துக்கு ஒரு நாள் முன்னாடியே தீவைவிட்டு ஏதென்ஸ் வந்து சேர்ந்துவிடுவார்களாம். ஊர் வேறு, கணக்கு ஒன்றுதான்.

நம்ம பக்கம் பாருங்கள். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் நிற்கும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது. பாலத்தின் கர்டர்களும் போயின. அதை 46 நாளில் சரி செய்தவர் இ. ஸ்ரீதரன், பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டியவர். (சிவில் நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.) அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோய், இரண்டு வருஷத்துக்கும் மேலாக ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. 2025 ஏப்ரல் 6 அன்றுதான் புதுப் பாலம் திறந்தார்கள். பழைய ஷெர்சர் பாலம் நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கும், ஆட்கள் கையால் சுற்றுவார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தாக 17 மீட்டர் எழும்புகிறது. இரு பக்கமும் கோபுரம், எதிர் எடை, மோட்டார் எல்லாம் உண்டு. மெக்கானிக்கல்காரன் அதைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பின்னோக்கிக் கணக்கு எப்படி என்கிறீர்களா? அப்பாவுக்கு 61 நாளும் ஓய்வு இல்லை. தடைக்காலம் முடிய இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே படகு பழுது, பெயின்ட், வலை வேலை என்று கூப்பிட்டுவிடுவார்கள். ஆக மே மாதம் கடைசிக்குள் திரும்பியாக வேண்டும். என் பரீட்சை முடியாமல் கிளம்ப முடியாது. நடுவில் கிடைத்தது பத்து நாள் சந்து. அதில் அமாவாசை விழும் நாளையும் சனி, ஞாயிறையும் அடித்துவிட்டேன். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் ராமேஸ்வரம் தாங்காது. மற்ற அமாவாசைக்கும் கூட்டம் வரும், வாடகை ஏறும். அமாவாசை இல்லாமல் திதியா என்று ஆயா முகம் சுளித்தார். அக்னி தீர்த்தக் கரையில் தினமும் புரோகிதர்கள் செய்து வைக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னதும் சமாதானமானார். கடைசியில் மிஞ்சியது ஒரு செவ்வாய், புதன். திரும்பி வந்ததும் ஒரு நாள் சும்மா இருக்கட்டும் என்று வியாழனைக் கையிருப்பில் வைத்தேன். காற்று அடித்து ரயில் நின்றால், பஸ் பிடித்து சாலைப் பாலம் தாண்டி ராமநாதபுரமோ மதுரையோ போய் வேறு ரயில் ஏற அந்த ஒரு நாள் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் இந்தக் கையிருப்பு நாளைக் கட்டாயம் வையுங்கள், அது புயல் சீசன்.

தேதி முடிவானதும் ரயில். லாட்ஜ் இன்னும் வரவில்லை, கவனியுங்கள்! 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கிறது. பஸ்ஸும் உண்டு, ஆனால் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்கு எண்ணூர், திருவொற்றியூரிலிருந்து ஒரு முட்டி வலிக்காரரை அழைத்துப் போவதே தனிப் பயணம். ரயில் எழும்பூரில் கிளம்புகிறதா, தாம்பரத்தில் கிளம்புகிறதா என்று டிக்கெட்டில் இரண்டு தடவை பாருங்கள். நமக்கு அது ஒரு மணி நேர வித்தியாசம். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றதுதான், பட்ஜெட்டில் முழுக் கட்டணம் போடுங்கள். ஆனால் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 60 வயதான ஆண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு.

இனி ரூம். இங்கேதான் காசு கரையும் இடம். சென்னை ரயில்கள் ராமேஸ்வரத்துக்கு விடியற்காலையிலோ காலையிலோ போய்ச் சேரும், திரும்பும் ரயில் மாலை அல்லது இரவில். செவ்வாய் காலை இறங்கி புதன் மாலை கிளம்பினால் நாம் தூங்குவது ஒரே ராத்திரிதான். வாடகை? லாட்ஜ் 'பகல் 12 மணி செக்-அவுட்' முறை என்றால், காலை 6 மணிக்கு நுழைந்தவனுக்கு அன்று 12 மணிக்கே ஒரு நாள் முடிந்ததாகச் சொல்லும் இடங்கள் உண்டு. மறுநாள் 12 மணிக்கு இரண்டாவது நாள். ஒரு ராத்திரிக்கு இரண்டு நாள் வாடகை! '24 மணி நேர' முறை என்றால் மறுநாள் காலை 6 மணி வரை ஒரே வாடகை. நாளைக்கு 1,200 ரூபாய் என்று வைத்தால் ஒரே கேள்வியில் 1,200 மிச்சம். ஆகவே போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "24 மணி நேரமா, 12 மணியா?" என்பதுதான். வரி சேர்த்தா, தனியா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்.

இந்தக் கணக்கே நம் நிகழ்ச்சி நிரலையும் எழுதிவிடுகிறது. துணி மாற்ற ரூம் தேவைப்படும் வேலை எல்லாம் முதல் நாள். கடலில் முங்கி, பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம் குளித்து, ஈரத்துணியோடு சாமி பார்க்க விடமாட்டார்கள். மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் ரூம் கிழக்குக் கோபுரத்துக்கும் அக்னி தீர்த்தத்துக்கும் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். நூறு இருநூறு குறைகிறது என்று ஸ்டேஷன் பக்கம் போட்டால், அதே காசை ஆட்டோவுக்குக் கொடுப்போம், அதுவும் ஈரத்தோடு. குளிக்க வேண்டாத வேலையான தனுஷ்கோடியும் கலாம் நினைவிடமும் இரண்டாம் நாள். காலை 6 மணிக்கு ரூமைக் காலி செய்து, பையை லாட்ஜ் ரிசப்ஷனில் வைத்துவிட்டு, வெயில் ஏறுமுன் கிளம்பிவிடலாம். பையை வைக்க விடுவார்களா என்பது இரண்டாவது கேள்வி.

மற்ற கேள்விகள் நம்ம ஏரியாக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குளிக்க நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? கரன்ட் போனால் ஜெனரேட்டரில் ஃபேன் ஓடுமா? வயதானவர் வந்தால் தரைத்தளமா, வெஸ்டர்ன் டாய்லெட்டா? கூடுதல் பாய்க்கு எவ்வளவு? படம் அனுப்பச் சொன்னால் கட்டிலை அனுப்புவார்கள், பாத்ரூம் படம் கேளுங்கள். 'கடல் பார்த்த அறை' என்று சொன்ன ஒரு லாட்ஜில், எந்த ஜன்னல், எந்தத் திசை என்று கேட்டேன். மொட்டை மாடிக்குப் போனால் தெரியும் தம்பி என்றார்கள்! எல்லோருடைய அசல் அடையாள அட்டையும் வேண்டும். பசங்க மட்டும் போகிறீர்கள், அல்லது ஒற்றை ஆள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். யாத்திரை ஊர்களில் தனி ஆளுக்கு ரூம் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது உண்டு. அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு அங்கே இருக்கிறது, தேவஸ்தான விடுதியும் உண்டு. அவற்றையும் விசாரித்து வைத்தால் பேரம் பேசத் தெம்பு வரும்.

அக்னி தீர்த்தக் கடலைப் பார்த்து ஆயா, "இன்னாடா இது, கடலா ஏரியா?" என்றார். கருங்கல் கொட்டிய கரையும், அதில் மோதித் தெறிக்கும் அலையும் பார்த்தே வளர்ந்தவருக்கு அலையே இல்லாத கடல் அதிசயம்தான். அப்பா திதி கொடுத்து முடித்ததும் ஆயாவே படியிறங்கி, முழங்கால் தண்ணீரில் யார் கையும் பிடிக்காமல் நின்றார். அப்பாவோ மாலையில் படகுத்துறைப் பக்கம் போய், அங்கே வரிசையாகக் கட்டிக் கிடந்த விசைப்படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கும் அதே 61 நாள்தானே. இதில் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு சேதி: தடைக்காலத்தில் ராமேஸ்வரத்தில் மீன் குழம்பு மலிவாகக் கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள்.

தனுஷ்கோடியில் கவனம்! 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டது. ஆனால் ராத்திரி தங்க முடியாது, மாலையில் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். ஒரு பக்கம் குளம் மாதிரி, மறு பக்கம் கொந்தளிப்பு, முனையில் இரண்டு நீரோட்டமும் சந்திக்கின்றன. ஹார்பர் பக்கம் நீச்சல் பழகியவன் நான் என்று யாரும் அங்கே இறங்க வேண்டாம். அப்பா கடலில் முப்பது வருஷம் கழித்தவர், அவரே கால் நனைக்கவில்லை. "தெரியாத தண்ணி" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது ரயில் பாம்பனைத் தாண்டுவது இருட்டில் என்றால் பாலம் தெரியாது, வரும்போதே விழித்திருந்து பாருங்கள். எங்களுக்குக் காற்று தொந்தரவு தரவில்லை, ரயில் நேரத்துக்கு வந்தது. கையிருப்பில் வைத்திருந்த வியாழக்கிழமையை அப்பா முழுசாகத் தூங்கிக் கழித்தார். வெள்ளிக்கிழமை காலை காசிமேட்டில் வலை வேலை.