பழம் விளையாட்டுப் பொறிகளும் அவற்றின் மின்னூட்டமும்

பொறிகளுக்கும் முதுமை உண்டு. ஆயின் ஒரு பொறியின் உறுப்புகள் யாவும் ஒருங்கே முதுமை எய்துவதில்லை. 1980களிலும் 1990களிலும் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடுதற்கெனச் செய்யப்பட்ட விளையாட்டுப் பொறிகள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றின் மூளையெனத்தக்க சிலிக்கன் சில்லுகள் நாற்பதாண்டு கழிந்தும் பெரும்பாலும் பழுதின்றி இருக்கின்றன. அச்சில்லுகளுக்கு மின்னை ஊட்டும் உறுப்புகளே முதலில் தளர்கின்றன. இவ்வேறுபாட்டை அறியாமையால், உயிருள்ள பொறிகள் பல இறந்தனவெனக் கருதப்பட்டுக் குப்பையிற் சேர்கின்றன.

முதற்கண் நோக்கற்பாலது நாட்டுக்கு நாடு வேறுபடும் மின்னழுத்தமாகும். கண்டியை அடுத்த அம்பிட்டியவிலும் இலங்கையின் ஏனைய பகுதிகளிலும் வீடுகளுக்கு வருவது 230 உவோற்று ஆடலோட்டம். யப்பானில் அது 100 உவோற்று. யப்பானுக்கெனச் செய்த அடப்ரரை இங்குள்ள குதையிற் செருகினால், அதனுள்ளிருக்கும் நிலைமாற்றி தாங்காது. ஓட்டம் அளவு கடந்து பெருகிச் சுற்றுக்கம்பி கருகும்.

அடப்ரரிலிருந்து வெளிவரும் மின்னும் ஒரு தன்மையதன்று. நிண்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு யப்பானில் வெளியிட்ட பமிக்கொம் என்னும் பொறி 10 உவோற்று நேரோட்டத்தை வேண்டுவது. 1985இல் அமெரிக்காவில் வெளியான அதன் மறுவடிவமோ 9 உவோற்று ஆடலோட்டத்தை ஏற்றுத் தன்னுள்ளேயே நேரோட்டமாக்கிக் கொள்வது. பின்னையதன் அடப்ரரை முன்னையதில் இணைத்தால், செருகி பொருந்தும், ஓட்டம் பொருந்தாது, பொறி கெடும். அன்றியும் பமிக்கொம்மின் செருகியில் நடுப்பகுதி மறைமுனையாகும். இன்று கடைகளிற் கிடைக்கும் அடப்ரர்களிற் பெரும்பாலானவற்றில் நடுப்பகுதி நேர்முனையாகும். ஆதலின் அழுத்தம், ஓட்டத்தின் வகை, முனையின் திசை, வழங்கக்கூடிய அம்பியர் அளவு ஆகிய நான்கையும் படித்தறிந்த பின்னரே எந்த அடப்ரரையும் இணைத்தல் வேண்டும்.

இனி மின் செல்லும் வழியை நோக்கின், நிலைமாற்றி அழுத்தத்தைக் குறைக்கின்றது. இருவாயிகளால் ஆகிய சீராக்கி ஆடலோட்டத்தை ஒருதிசைப்படுத்துகின்றது. அவ்வாறு பெறும் ஓட்டம் செக்கனுக்கு 100 முறை எழுந்து விழும். மலைநாட்டு வீடுகளில் விட்டுவிட்டு வரும் குழாய்நீரைத் தாங்கியில் நிரப்பி இடையறாது பெறுவது போல, இவ்வேற்ற இறக்கத்தைக் கொள்ளளவி என்னும் உறுப்பு தேக்கிச் சமப்படுத்துகின்றது. இறுதியில் ஒழுங்காக்கி என்பது சில்லுகளுக்கு வேண்டிய 5 உவோற்றை மாறாது அளிக்கின்றது.

இவற்றுள் விரைந்து மூப்பெய்துவது கொள்ளளவியே. அது அலுமினியத் தகடுகளுக்கிடையே மின்பகுபொருளில் நனைந்த தாளை வைத்துச் சுருட்டியது. அவ்வீரம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உலர, அகத்தடை கூடுகின்றது. தேக்கும் ஆற்றல் குன்றுகின்றது. தொலைக்காட்சித் திரையில் ஊர்ந்து செல்லும் பட்டைகளும் ஒலியில் எழும் இரைச்சலும் இதன் அறிகுறிகள். வெப்பம் 10 பாகை செல்சியசு குறையுந்தோறும் கொள்ளளவியின் வாழ்நாள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியியலார் கொள்ளும் பொது விதி. சில கொள்ளளவிகள் உலர்வதோடன்றிக் கசியவுஞ் செய்யும். சேகா நிறுவனத்தின் கேம்கியர் என்னும் 1990ஆம் ஆண்டுக் கைப்பொறி இதற்குப் பேர்போனது. கசிந்த நீர்மம் சுற்றுப் பலகையின் செப்புத் தடங்களை அரிக்கும். கண்டிப் பகுதியின் ஈரக்காற்று அவ்வரிப்புக்குத் துணையாகும்.

திருத்துவோர் முதலில் ஒழுங்காக்கியின் வெளிவாயிலைப் பல்மானியால் அளத்தல் நன்று. 4.75 உவோற்றுக்கும் 5.25 உவோற்றுக்கும் இடையே அளவு நிற்றல் வேண்டும். கொள்ளளவியை மாற்றும்போது கொள்ளளவம் முன்னையதற்கு ஒத்ததாகவும், தாங்கும் அழுத்தம் ஒத்ததாகவோ கூடியதாகவோ, வெப்பத் தகுதி 105 பாகையாகவும் இருத்தல் தக்கது. முனை மாறினால் அது வெடிக்கும். பெரிதே நன்று எனக் கருதிக் கொள்ளளவத்தைப் பன்மடங்காக்குவதும் பிழை. பொறியை இயக்கிய கணத்தில் அது இழுக்கும் பேரோட்டம் இருவாயிகளை வருத்தும்.

மேம்படுத்தல் என்பது மின்னை மிகுத்து ஊட்டுவதன்று. தூயதாகவும் வெப்பங் குறைந்ததாகவும் ஊட்டுவதாகும். பழம்பொறிகள் பலவற்றில் உள்ள 7805 என்னும் ஒழுங்காக்கி, 10 உவோற்றைப் பெற்று 5 உவோற்றில் அரை அம்பியரை வழங்குமாயின், 2.5 வாற்று வெப்பமாக வீணாகும். பெற்ற ஆற்றலிற் பாதி இழப்பாம். அதற்கீடாக இன்று கிடைக்கும் ஆளிமுறை ஒழுங்காக்கி, ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கினைப் பயன்படுத்த வல்லது. உட்புறம் குளிர்வதால் அண்மையிலுள்ள கொள்ளளவிகளின் வாழ்நாளும் நீளும். எனினும் அதன் விரைந்த துடிப்பு படத்திலும் ஒலியிலும் கலத்தல் கூடும். தக்க வடிகட்டி இல்லாத மலிவுப் பொருள் நன்மையிலும் தீமையே மிகுதியாகச் செய்யும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சோனி நிறுவனத்தின் பிளேஸ்ரேசன் (1994) போன்றவை மின்வழங்கியைத் தம்முள்ளேயே கொண்டவை. 230 உவோற்று ஆடலோட்டம் அங்குச் சீராக்கப்பட்டு ஏறத்தாழ 325 உவோற்றாகக் கொள்ளளவியில் தேங்கும். செருகியைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் எஞ்சியிருக்கலாம். அது உயிர் கொல்ல வல்லது. பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாத மாணவர் அப்பெட்டியைத் திறத்தல் ஆகாது.

2022ஆம் ஆண்டில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்து இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியபோது, உள்ளதைத் திருத்திக் காக்கும் அறிவின் பெறுமதி இலங்கையர் யாவர்க்கும் புலனாயிற்று. அவ்வாண்டு உலகில் எழுந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி தொன் எனக் கணிக்கப்பட்டுள்ளது. அதில் முறைப்படி மீட்கப்பட்டது நான்கிலொரு பங்குக்கும் குறைவு. வகுப்பறையில் மாணவர் வரையும் நிலைமாற்றியும் சீராக்கியும் கொள்ளளவியுமே அலுமாரியில் உறங்கும் அப்பழம் பொறியினுள்ளும் உள்ளன. ஏட்டில் வரைந்த சுற்றைப் பொருளிற் கண்டறியும் மாணவனுக்கு, சில ரூபாய் விலையுள்ள ஓர் உறுப்பின் குறையால் முழுப்பொறியையும் எறிந்துவிட மனம் வராது.