உயரம் ஒன்று, உடல் வேறு

ஊரில் மருத்துவ முகாம் நடந்தது. அக்காவும் தங்கையும் எடை பார்க்கப் போனார்கள். பாட்டியும் கூடப் போனார்.

சகோதரிகள் இருவருக்கும் உயரம் 150 செ.மீ. அக்காவின் எடை 45 கிலோ. தங்கையின் எடை 40 கிலோ.

செவிலியர் கணக்குப் போட்டார். உயரத்தை 1.5 மீட்டர் என்று எழுதினார். எடையை உயரத்தால் வகுத்தார். வந்த விடையை மறுபடியும் உயரத்தால் வகுத்தார். அக்காவுக்கு 20 வந்தது. தங்கைக்கு 17.8 வந்தது.

இதற்கு உடல் நிறை எண் என்று பெயர். பெரியவர்களுக்கு இது 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு. தேசியக் குடும்ப நல ஆய்விலும் இதே அளவுதான்.

தங்கையின் முகம் வாடியது. "மூணு வேளையும் சாப்பிடுறேனே சிஸ்டர்" என்றாள்.

செவிலியர் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். தங்கையின் தலை அக்காவின் காதளவே இருந்தது. தங்கைக்குக் கால் நீளம். இடுப்புக்கு மேலே குட்டை.

நம் எடையில் பெரும்பங்கு இடுப்புக்கு மேலே இருக்கிறது. அந்தப் பகுதி குட்டையானால் எடை குறையும். எண்ணும் குறையும். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களில் பலருக்கு இத்தகைய உடல்வாகு உண்டு.

குட்டைக் கால் உள்ளவருக்கு இது தலைகீழ். சத்து குறைந்தாலும் எண் சரியாகத் தெரியலாம். சிறு வயதில் நல்ல உணவு கிடைக்காவிட்டாலும் கால் வளர்ச்சி குன்றும்.

செவிலியர் தங்கையின் மேல்கைச் சுற்றளவை அளந்தார். "உடம்பு இளைச்சிருக்கா? ரவிக்கை தொளதொளன்னு ஆச்சா?" என்று கேட்டார். அப்படி எதுவும் இல்லை. கைச் சுற்றளவும் சரியாக இருந்தது. "பயம் வேண்டாம். ஆனா மூணு மாசம் கழிச்சு மறுபடி எடை பாரும்மா" என்றார்.

பாட்டியின் எடை 37 கிலோ. உயரம் 140 செ.மீ. எண் 18.9 வந்தது.

"நான் தப்பிச்சேன்" என்று பாட்டி சிரித்தார்.

செவிலியர் சிரிக்கவில்லை. பாட்டிக்கு முதுகு கூன். அதனால் உயரம் குறைந்திருந்தது. "ரெண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டுங்க பாட்டி" என்றார். ஒரு கை விரல் நுனி முதல் மறு கை விரல் நுனி வரை அளந்தார். 150 செ.மீ. இந்த நீளம் ஒருவரின் இளமை உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அதை வைத்துக் கணக்கிட்டார். எண் 16.4 ஆனது. மிகவும் மெலிவு!

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"ஒரு டம்ளர் டீ, தாயி. வயசானவளுக்கு அது போதாதா?"

பேத்திகள் தலை குனிந்தார்கள்.

காசநோய் போன்ற நோய்களாலும் உடல் இளைக்கும். ஆகவே செவிலியர் பாட்டியை டாக்டரிடம் அனுப்பினார்.

அன்று இரவு வீட்டில் முதல் தட்டு பாட்டிக்குப் போடப்பட்டது. சோறு, பருப்பு, கீரை, ஒரு முட்டை.

சிந்திப்போம்: நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? அவருக்கு மிஞ்சுவது எவ்வளவு?