பெயர் சொல்லி வரும் தானியங்கி

கட்டுமாவடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம் எனப் புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி ஒன்றியத்தின் ஊராட்சிகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் தேடிப் பாருங்கள். தனித்தனிப் பக்கங்கள் கிடைக்கும். அறந்தாங்கி சட்டமன்றத் தொகுதி, ராமநாதபுரம் மக்களவைத் தொகுதி, 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை. குடிநீர் இணைப்பு எத்தனை, கைக்குழாய் எத்தனை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எத்தனை, இடுகாடு எத்தனை என்று கணக்கு நீளும். வாக்கியங்கள் எல்லாப் பக்கங்களிலும் ஒன்றே. ஊர்ப்பெயரும் எண்களும் மட்டும் மாறும்.

இப்பக்கங்களை உருவாக்கியது ஒரு நிரல். நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் மென்பொருளாளர் எழுதிய 'நீச்சல்பாட்' அது. இதுபோல் தானாக இயங்கும் நிரல்களைத்தான் பாட் என்றும் தானியங்கி என்றும் சொல்கிறோம்.

வேலை நடக்கும் விதம் எளிது. அரசுத் தரவு அட்டவணையில் வரிக்கு ஓர் ஊராட்சி. மனிதர் ஒருவர் மாதிரிக் கட்டுரை எழுதி, எண் வரவேண்டிய இடங்களைக் காலியாக விடுகிறார். நிரல் ஒரு வரியைப் படிக்கும், காலியிடங்களை நிரப்பும், சேமிக்கும், அடுத்த வரிக்குப் போகும். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன. ஒருவர் நாளைக்குப் பத்துப் பக்கம் எழுதினாலும் மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும்.

ஆனால் அட்டவணையில் பிழை இருந்தால் அதுவும் அப்படியே பக்கத்தில் ஏறும். மணமேல்குடி குலச்சிறை நாயனாரின் ஊர் என்பதும் நிரலுக்குத் தெரியாது. அதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை. அங்கே மனிதர் கை வேண்டும். மனிதர் தலையிட்டுத் திருத்த வழியும் இருக்கிறது. விக்கிப்பீடியாவில் தானியங்கி தன்னைத் தானியங்கி என்று அறிவித்து, மற்ற பயனர்களின் ஒப்புதலோடுதான் இயங்க வேண்டும். அதன் ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகும். தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கூகுள் தேடுபொறிக்காக இணையப் பக்கங்களைப் படித்துத் திரட்டும் கூகுள்பாட்டும் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வரும். எந்தப் பக்கத்துக்குள் வரவேண்டாம் என்று தளங்கள் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும் வழக்கத்தை 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்தார். அது பூட்டு அல்ல, வேண்டுகோள். நாணயமான நிரல்கள் அதை மதிக்கின்றன.

காலியிடம் நிரப்பும் அதே திறமை, ரயில் பயணச்சீட்டுக்கான அவசரப் பதிவான தட்கல் முன்பதிவில் அநியாயமாகிறது. தூங்கும் வசதிப் பெட்டிக்குக் காலை 11 மணிக்குப் பதிவு திறக்கும். புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்குப் போக வேண்டியவர் பெயர், வயது என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருப்பார். நிரலோ எல்லாவற்றையும் நொடியில் நிரப்பிவிடும். தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் உள்நுழையும் முயற்சிகளில் 50 சதவீதம் வரை தானியங்கிகளுடையவை என்று 2025 ஜூனில் ரயில்வே தெரிவித்தது. சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடி கணக்குகள் முடக்கப்பட்டன. ஜூலை முதல் இணையவழித் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. இங்கே நிரல் மனிதரைப் போல வேடம் போட்டு வருகிறது. அதன் உரிமையாளர் மறைந்துகொள்கிறார்.

இன்னும் ஆழமாக ஒளிபவையும் உண்டு. 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்ட கண்காணிப்புக் கேமராக்களிலும் ரூட்டர்களிலும் புகுந்தது. அக்டோபர் 21 அன்று அவை திரண்டு, தளங்களின் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தந்த டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. கேமராவின் சொந்தக்காரர்களுக்கோ எதுவும் தெரியாது.

வேகம் எல்லா நிரல்களுக்கும் பொது. எனவே நல்லதையும் கெட்டதையும் அதை வைத்துப் பிரிக்க முடியாது. 'நீ யார், உனக்குப் பொறுப்பு யார்?' என்று கேட்டுப் பதில் கிடைத்தால் அந்த நிரலோடு பழகலாம். அந்தப் பதிலைச் சட்டமும் தளங்களும் கட்டாயமாக்க வேண்டும். நம் பங்குக்கு, வீட்டு ரூட்டரின் கடவுச்சொல்லை இன்றே மாற்றலாம்.