அகப்பட்ட கார் வீடு திரும்ப...

களவு போன கார் அகப்பட்டுவிட்டதென்று போலீஸிலிருந்து தகவல் வந்ததா? மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்! கார் இப்போது உங்கள் சொத்து மட்டுமல்ல, வழக்கின் சாட்சியமும்கூட. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் ஸ்டேஷன் வாசலைவிட்டு நகராது.

வக்கீல் மூலம் மனுப் போடுங்கள். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் பத்திரம் இரண்டும் வேண்டும். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? காலமான கணவர் பெயரிலேயே இருந்தால், வாரிசு என்று நிரூபிக்கும் அலைச்சலும் சேர்ந்துகொள்ளும், அம்மா. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்கெனவே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டதா? அப்படியானால் காரைக் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

"கேஸ் முடியட்டும், பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். கேஸ் வருஷக்கணக்கில் நடக்கும். அதற்குள் வெயிலில் டயர் போகும், மழையில் அடித்தகடு போகும், ஸ்டெப்னி எப்படியோ போகும்! வண்டிகளை ஸ்டேஷனில் நெடுநாள் போட்டுவைப்பதில் பயனில்லை, தகுந்த ஜாமீன் வாங்கிக்கொண்டு ஒப்படைக்கலாம் என்று 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. வக்கீலிடம் இந்த வழக்கை ஞாபகப்படுத்துங்கள். வண்டிக்குப் பதில் அதன் புகைப்படமே விசாரணைக்குச் சாட்சியமாக நிற்கும்.

கோர்ட்டு கேட்டால் காரைக் கொண்டுவருவேன், விற்கமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஸ்டேஷனில் காரைச் சுற்றி வந்து பாருங்கள். என்ன குறைகிறதென்று எழுதச் சொல்லிவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.